கண்ணாடி நாரும் கண்டி மலைச்சரிவும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே வீடு கட்டி வாழ்வோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. அவர்தம் வீட்டுக்கு வந்து சேரும் பொருள் எதுவாயினும் அது படியேறியோ படியிறங்கியோதான் வரவேண்டும். ஹந்தானைச் சாரலிலும் அம்பிட்டியாவிலும் அஸ்கிரியாவிலும் வண்டி நிற்கும் இடம் ஒன்று, வீடு நிற்கும் இடம் வேறொன்று. இரண்டுக்குமிடையே நாற்பது படிகளோ அறுபது படிகளோ கிடக்கும். சீமெந்து மூடையைத் தோளிற் சுமந்தேறும் தொழிலாளியின் கூலி, வீடு கட்டும் செலவிலே தனியொரு கணக்காக எழுதப்படுவதும் அங்கே வழக்கம். இத்தகைய மனையொன்றின் பின்புறத்தில் மீன் வளர்க்கவும், அம்மீன் வாழ்ந்த நீரைக்கொண்டே கீரை வளர்க்கவும் ஒருவர் எண்ணுவாராயின், முதலில் எழும் வினா மீனைப் பற்றியதன்று, கீரையைப் பற்றியதுமன்று. தொட்டியை எதனாற் செய்வது, அதனை அவ்விடத்துக்குக் கொண்டுபோவது எவ்வாறு என்பதே அவ்வினா.

கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். குறுக்களவு 120 சென்ரிமீற்றரும் உயரம் 75 சென்ரிமீற்றரும் உடைய வட்டத்தொட்டி ஒன்றினைக் கருதுக. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் அது ஏறத்தாழ 800 லீற்றர் நீர் கொள்ளும். அதன் அடியும் சுற்றுச்சுவரும் சேர்ந்த பரப்பு 4 சதுர மீற்றர். இதனை ஏழரைச் சென்ரிமீற்றர்க் கனத்தில் சீமெந்தினாற் கட்டினால் நிறை 700 கிலோகிராமைத் தாண்டும். அவ்வளவு மணலும் கல்லும் சீமெந்தும் படியேற வேண்டும். கட்டிய பின்னர் அதனை ஓரடி தூரம் நகர்த்தவும் இயலாது. அதே தொட்டியைக் கண்ணாடி நாரினால், அதாவது கடைத்தெருவில் யாவரும் ‘பைபர்’ என வழங்கும் பொருளினாற் செய்தால், நிறை 25 கிலோகிராமுக்குள் அடங்கும். இருவர் பேசிக்கொண்டே தூக்கிச் செல்லலாம்.

மீனும் கீரையும் ஒருங்கே வளர்க்கும் முயற்சியிற் கண்டி மக்கள் நாட்டங்கொள்ளக் காரணம் வெறும் பொழுதுபோக்கன்று. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை, பயிரிடுவோரைத் திடீரென்று கைவிட்ட நிலைக்கு ஆளாக்கிற்று. அடுத்த ஆண்டிலே அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசைகள் நீண்டன. மீனும் மரக்கறியும் எட்டாத விலைக்கு ஏறின. 2022 ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பயிர்செய்ய விடுமுறை அளிக்கவும் அமைச்சரவை இணங்கிற்று. கடற்கரையிலிருந்து மலையேறி வரும் மீனின் விலையோடு போக்குவரத்துச் செலவும் ஏறிய அந்நாட்களில், பின்முற்றத்துத் தொட்டியில் ஒரு மீன் துள்ளுமாயின் அது எவ்வளவு ஆறுதல் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இம்முறையின் அடிப்படை மிக எளியது. மீன் உண்ட உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி அமோனியாவாக நீரிலே கழிகின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு. நீரிலும் கல்லிலும் குடிகொண்டிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இடைநிலையான நைத்திரைற்றும் நஞ்சே. இறுதியில் வரும் நைத்திரேற்றோ மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. பயிருக்கு முதல்தரமான உரம். இவ்வுயிர்களை முதன்முதலில் தனிமைப்படுத்தி ஆராய்ந்தவர் ருஷிய நாட்டவரான செர்கேய் வினோகிராட்ஸ்கி. காலம் 1890ஐ ஒட்டியது. தொட்டி நீரைப் பம்பியினால் மேலேற்றிக் கற்பாத்தியிற் பாயவிட்டால், அங்கே பற்றீரியா தன் தொழிலைச் செய்யும். வேர் தன் பங்கை உறிஞ்சும். தெளிந்த நீர் மீண்டும் மீனிடமே வந்து சேரும்.

நீரிலே சேரும் இந்தச் சத்தை உறிஞ்சப் பயிர் இல்லாவிடின் நிகழ்வது யாதென்பதற்குச் சான்று தேடிக் கண்டியார் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வெட்டுவித்த ஏரி நகரின் நடுவிலேயே கிடக்கின்றது. சுற்றுப்புறத்துக் கழிவுநீர் பல்லாண்டுகளாக அதனுட் சேர, 1999ஆம் ஆண்டில் நீலப்பச்சைப் பாசி பெருகி ஏரியின் நிறமே மாறிற்று. ஓரிடத்தில் உரமாகும் பொருளே மற்றோரிடத்தில் மாசாகின்றது. வேறுபாடு, அதனை உண்ண அங்கே வேர் உண்டா இல்லையா என்பது மட்டுமே.

மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்கள் ஏரிச்சேற்றைக் குவித்து மிதப்பன போன்ற பாத்திகள் அமைத்ததும், தென்சீனத்து உழவர் நெல்வயலில் மீன்விட்டதும் இதே எண்ணத்தின் பழைய வடிவங்கள். இக்காலத்து வடிவம் பிறந்ததிலே கண்ணாடி நார்த் தொட்டிக்கும் ஒரு பங்குண்டு. 1969இல் அமெரிக்காவில் ஜோன் டொட், அவர் மனைவியார் நான்சி ஜாக் டொட், வில்லியம் மக்லார்னி ஆகியோர் தொடங்கிய ‘நியூ அல்கெமி’ நிறுவனம், ஒளி ஊடுருவும் கண்ணாடி நார்த் தகட்டை ஐந்தடி உயர உருளைகளாக வளைத்து அவற்றிலே திலாப்பியா மீனை வளர்த்தது. அவர்கள் தொட்டிக்குள் வெயிலையும் பாசியையும் வேண்டி அழைத்தனர். குளிர்நாட்டில் வெயில் பட்ட நீர் வெப்பத்தைச் சேமிக்கும் கிடங்குமாயிற்று. 1980களில் வேர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்பார் மீனையும் பயிரையும் இணைத்து ஆண்டு முழுதும் விளைவெடுக்கும் அமைப்பை உருவாக்கினார். வட கரோலினாவில் மார்க் மக்மேர்ட்றி மணற்பாத்தியைக் கொண்டு அதே காலத்திற் சோதனை செய்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சிறு குடும்பங்களுக்கென இத்துறையில் ஒரு கைந்நூலை 2014இல் வெளியிட்டது.

இனிக் கண்ணாடி நாரின் வரலாற்றைச் சிறிது நோக்கலாம். உருகிய கண்ணாடியை நூலினும் நுண்ணிய இழையாக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவிலே பெருகிற்று. 1938இல் ஓவன்ஸ்-கோர்னிங் நிறுவனம் அதற்கெனவே எழுந்தது. தனியே நின்றால் இழை துவளும்; பொலியெஸ்ரர் ரெசின் தனியே இறுகினால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்தவிடத்து, வைக்கோலும் களிமண்ணும் சேர்ந்த சுவர்போல, ஒன்றின் குறையை மற்றது தீர்க்கின்றது. 1953இல் கோர்வெற் என்னும் மோட்டார்க் காரின் உடலே இதனால் வார்க்கப்பட்டது. இலங்கையிலே இக்கலை கடற்கரை வழியாக வந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் துணையோடு காரைநகரிலே எழுந்த சீ-நோர் நிறுவனம் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டிற்று. இன்று தீவைச் சுற்றிலும் கரையேறிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகளிற் பெரும்பாலன பைபர்ப் படகுகளே. ஆகவே மீனவர் கையிற் பழகிய ஒரு கைவினை இப்பொழுது மலைநாட்டுக்கு ஏறியிருக்கின்றது எனலாம்.

ஆயின் அக்கடற்கரையிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் வந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆந் தேதிய கடற்கோளுக்குப் பின்னர், இழந்த படகுகளுக்கு ஈடாகப் புதியன அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றுட் பல தரங்குறைந்தவை எனக் கண்டு உணவு விவசாய நிறுவனம் கவலை தெரிவித்தது. கண்ணாடி நார் வேலையிலே பிழையை மறைப்பது மிக எளிது. மேலே பூசும் வண்ணப்படை பளபளக்கும்; உள்ளே காற்றுக்குமிழியும் ரெசின் பருகாத உலர்ந்த நாரும் ஒளிந்திருக்கும். படகு என்றாற் கடல் அதனைக் காட்டிக்கொடுக்கும். தொட்டி என்றால் ஒருநாள் நள்ளிரவில் 800 லீற்றர் நீர் அயலவர் வீட்டுக் கூரையை நோக்கி இறங்கும்.

தொட்டியின் வடிவத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். வட்டமே மேலானது. நீரின் அழுத்தம் வட்டச்சுவரை எல்லாப் பக்கமும் ஒரேயளவாக இழுக்கின்றது. இழுவையைத் தாங்குவதிலே கண்ணாடி நாருக்கு நிகராவன சில. ஆகையால் மூன்று மில்லிமீற்றர்க் கனமே இவ்வளவு தொட்டிக்குத் தாராளம். சதுரத்தொட்டியின் தட்டையான சுவரோ அழுத்தத்தால் வெளியே புடைக்கும்; அதனைத் தடுக்க விலா எலும்பு போன்ற பட்டிகளும் அதிகக் கனமும் வேண்டும். மேலும் வட்டத்தொட்டியில் நீரைச் சற்றே சாய்த்துப் பாய்ச்சினாற் சுழல் உண்டாகி, கழிவெல்லாம் நடுவிலே குவிந்து வடிகுழாய் வழியே வெளியேறும். சதுரத்தின் மூலைகளிலே அது தேங்கி அழுகும்.

அச்சு அமைப்பதில் வீட்டுக்காரர் பெருஞ்செலவு செய்யவேண்டியதில்லை. வழுவழுப்பான மெல்லிய தகரத்தையோ அலுமினியத் தகட்டையோ உருளையாகச் சுருட்டி, உள்ளே மரச்சட்டம் கொடுத்து நிறுத்திக் கட்டுக. மேலே அதே அளவான ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றினை மூடி, அதன் விளிம்பைக் கூர்மை இல்லாமல் நன்றாக உருட்டித் தேய்த்துவிடுக. கூரிய விளிம்பிலே நார்ப்பாய் படியாது. படியாத இடத்திற் காற்றுப் புகும். கீழே அகன்ற பலகை. இப்பொழுது அச்சு கவிழ்த்து வைத்த பானைபோல நிற்கும். தகட்டின் மீதும் பலகைகளின் மீதும் மெழுகைப் பலமுறை பூசித் துடைத்து மெருகேற்ற வேண்டும். இதிலே சோம்பல் கொண்டவர் தொட்டியையும் அச்சையும் பிரிக்க முடியாது இரண்டையும் உடைத்த கதைகள் வேலைத்தலந்தோறும் உண்டு.

முதலிற் பூசுவது ஜெல்கோட் எனப்படும் கெட்டியான மேற்படை. சதுர மீற்றருக்கு அரைக் கிலோகிராம் அளவு போதும். இதுவே முடிவில் தொட்டியின் உட்புறமாய், மீன் உரசும் முகமாய் அமையும். விரலை வைத்தால் பிசுபிசுப்புத் தெரிந்தும் விரலில் ஒட்டாத பதம் வந்தவுடன், ரெசினைத் தூரிகையாற் பூசி, அதன்மேல் 450 கிராம் நார்ப்பாயை விரிக்க வேண்டும். ‘மேட்’ என்று கடையிற் கேட்டாற் கிடைப்பது இதுவே. சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ளதாகையால் அப்பெயர். பாயைக் கத்தரிக்கோலால் நேர்க்கோட்டில் வெட்டுவதிலும் கையாற் கிழித்து ஓரத்தைப் பிசிறாக்குவது நன்று. பிசிறான ஓரங்கள் ஐந்து சென்ரிமீற்றர் ஒன்றன்மேலொன்று படியும்போது மேடு தெரியாமற் கலந்துவிடும். வெள்ளை நிறமான பாய், ரெசினைப் பருகப் பருகக் கண்ணாடிபோல் தெளியும். எங்கே வெண்மை எஞ்சுகின்றதோ அங்கே காற்றோ ஈரமோ இருக்கின்றதென்று பொருள். பள்ளம் வெட்டிய சிறு உருளையால் அழுத்தி அழுத்திக் காற்றை ஓரத்துக்கு ஓட்ட வேண்டும். ஒரு படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்க் கனம் சேரும். மூன்று படைகள் வேண்டும். கீழ்ப்பலகையின் மேலும் ஐந்து சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பாயைப் படரவிட்டால் தொட்டிக்கு உறுதியான வாய்விளிம்பும் அதனோடே அமைந்துவிடும்.

மேற்கூறிய தொட்டிக்கு நார்ப்பாய் 6 கிலோகிராம், ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்காக 15 கிலோகிராம், ஜெல்கோட் 2 கிலோகிராம் செல்லும். ரெசினை அள்ளிக் கொட்டினால் உறுதி கூடும் எனப் பலர் கருதுவர். அது தவறு, உறுதி நாரிலே இருக்கின்றது. மிகுந்த ரெசின் நிறையையும் செலவையும் கூட்டி, பின்னாளில் வெடிப்பையே தரும்.

ரெசின் தானாக இறுகாது. அதனை இறுகச் செய்யும் ‘ஹாட்னர்’ பெரும்பாலும் மெதில் எதில் கீற்றோன் பெரொக்சைட்டு என்னும் திரவமாகும். ஒரு கிலோகிராம் ரெசினுக்கு 10 முதல் 15 கிராம் போதும். கண்டியின் நண்பகல் வெப்பத்தில் குறைந்த அளவே நன்று. கலந்தபின் கால்மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். அதற்குள் பூசி முடித்தாக வேண்டுமாகையால் ஒருமுறைக்கு ஒரு கிலோகிராமுக்கு மேற் கலக்கலாகாது. மிஞ்சிய கலவை கோப்பையிலே கிடந்தாற் சூடேறிப் புகையும், தீப்பற்றவுங் கூடும்.

இவ்விடத்தில் நேயர்கள் சற்று ஊன்றிக் கேட்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இறுகுதலை விரைவுபடுத்தக் கோபால்ற் கலந்த ஊதாநிற மருந்து ஒன்றும் விற்கப்படும். அதனையும் ஹாட்னரையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் முற்றாகக் கலந்து முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும். கோபால்ற் முன்னரே கலந்த ரெசினைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றினும் நலம். ஹாட்னர் ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வைக்கே கேடாகும். கண்ணாடிக் கவசமும் கையுறையும் இல்லாமல் இவ்வேலையைத் தொடுதல் மடமை. ரெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் தரும். எனவே சமையலறையிலோ, ஒரே அறையிலே குடும்பம் முழுதும் வாழும் தோட்டத்து லயன் வீட்டிலோ இதனைச் செய்தல் ஆகாது. திறந்த வெளியிலே, மேலே கூரை மட்டும் உள்ள கொட்டிலிலே செய்யவேண்டும். இறுகிய பின்னர் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் பகை, மூக்குக்கவசம் வேண்டும், தூளை நனைத்துத் தேய்ப்பது இன்னும் நன்று.

காலமும் பார்க்கவேண்டியதே. கண்டியிலே ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணலாம். ஈரங்கொண்ட நார்ப்பாய் ரெசினைப் பற்றாது. ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களே தொட்டி வார்க்க ஏற்றவை.

இறுகியபின் தொட்டியை நிமிர்த்தி, உள்ளே சுருட்டிய தகட்டைக் கட்டவிழ்த்து உட்புறமாக இழுத்தால் அது எளிதிற் கழன்றுவரும். வெளிப்புறத்துக்கு ஒளி புகாத கருநிற வண்ணம் பூசவேண்டும். நியூ அல்கெமியார் வெயிலை வரவேற்றது அவர்தம் நாட்டுக்குப் பொருந்தும். ஈழத்து வெயிலில் ஒளி ஊடுருவும் தொட்டி சில கிழமைகளிற் பாசிக் கஷாயமாகிவிடும். பின்னர் சில கிழமைகள் வெயிலிற் காயவிட்டு, நீர் நிரப்புவதும் இரண்டு நாள் வைத்து வடிப்பதுமாக இரண்டு மூன்று முறை செய்து, ரெசின் வாடை முற்றாக நீங்கிய பின்னரே மீனை விடவேண்டும். வாங்கும்போதே ஐசோப்தாலிக் வகை ரெசினைக் கேட்டு வாங்குவது நல்லது. விலை சற்று அதிகமாயினும், மலிவான சாதாரண வகையைப்போல நீரிலே கிடந்து கொப்புளம் கொள்வதில்லை.

தொட்டி எவ்வளவு இலேசானதாயினும் நீர் இலேசானதன்று. நிரம்பிய தொட்டி 800 கிலோகிராமுக்கு மேல் நிறைகொண்டு ஒரு சதுர மீற்றருக்குச் சற்றே மேற்பட்ட இடத்தில் உட்காரும். முப்பது சென்ரிமீற்றர் ஆழக் கற்பாத்தி ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ அரைத் தொன் ஏற்றும். சமநிலத்திலே இது பொருட்டன்று. மலையை வெட்டி அமைத்த முற்றத்தின் விளிம்பிலே, கல் அடுக்கிய தாங்குசுவருக்கு மேலே, இதுவே உயிர்ப்பிரச்சினை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் கொணர்ந்த மழையினால் கண்டி மாவட்டத்திற் சரிந்த சரிவுகளும், அவற்றின் கீழ்ப் புதைந்த வீடுகளும், மாண்ட மக்களும் எவர் நினைவிலிருந்தும் எளிதில் அகலமாட்டா. மீன்தொட்டி ஒன்றுதான் மலையைச் சரிக்கும் என்பதன்று. ஆனால் விளிம்பருகே சேர்க்கும் பாரமும், அதனிலும் மேலாக நாள்தோறும் மண்ணுக்குள் ஊறும் கசிவுநீரும் சரிவின் பிடியைத் தளர்த்துவன. ஆகவே தொட்டி வெட்டுவிளிம்பிலிருந்து விலகி, வீட்டின் உட்பக்கம் சேர்ந்த உறுதியான நிலத்தில் அமைய வேண்டும். மழைக்கு நிரம்பி வழியும் நீர் குழாய் வழியே வடிகாலுக்குப் போகவேண்டுமேயன்றிச் சரிவிலே பாயக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு அபாயம் உடையதென அறிவித்த இடமாயின், இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நன்று. இலேசான தொட்டியின் பெருங்குணம் இங்கேயும் தோன்றும்: எச்சரிக்கை வந்தால் நீரை வடித்து, தொட்டியைத் தூக்கி அப்பாற் போடலாம்.

நிறையைக் குறைக்க விரும்புவோர் கற்பாத்திக்குப் பதிலாக ஆழமற்ற நார்த் தொட்டியில் நீர் நிரப்பி, மிதக்கும் பலகையிலே கீரையை நடலாம். நிறை பாதியாகும். ஆனால் கல் வடிகட்டியாகவும் பற்றீரியாவுக்கு வீடாகவும் செய்த வேலைக்கு அப்போது வேறு வடிகட்டி தேடவேண்டும்.

குழாய் நீரிலுள்ள குளோரின் பற்றீரியாவுக்கும் மீனுக்கும் ஒவ்வாது. ஒருநாள் காற்றோட்டத்தில் வைத்தபின் பாவிக்க வேண்டும். மழைநீர் தூயதாயினும் மிக மென்மையானது. அதை மட்டுமே பாவித்தால் நீர் நாளடைவிற் புளித்துப் போகும். கழுவிய முட்டையோட்டையோ சிப்பியையோ துணிப்பையிற் கட்டித் தொட்டியிலிட்டால் அது சீராகும். முதல் ஐந்தாறு கிழமை பொறுமைக்குச் சோதனை. பற்றீரியா குடியேறாமுன் மீனை நிறைத்தால் மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு மடியும். சில மீன்களோடு தொடங்கி, அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்குவதைச் சோதனைத் துளியாற் பார்த்து, பின்னரே தொகையைக் கூட்டவேண்டும்.

மீனிலே வீட்டுக்காரருக்கு ஏற்றது திலாப்பியா. 1952இல் மொசாம்பிக் வகையும் 1975இல் நைல் வகையும் இலங்கைக்கு வந்து, குளங்கள் தோறும் நிறைந்து, உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பாயின. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் தம்புள்ளை நிலையம் போன்றவை குஞ்சுகளை உற்பத்தி செய்கின்றன. கண்டியின் சராசரி வெப்பம் 24 பாகை அளவினதாகையால், தாழ்நாட்டிலே ஆறேழு மாதத்தில் அடையும் வளர்ச்சிக்கு இங்கே மேலும் சில மாதம் வேண்டும். மார்கழிப் பனியில் மீன் உணவை வெறுத்தால் அஞ்சவேண்டியதில்லை. உணவைக் குறைப்பதே மருந்து. மிஞ்சிய குஞ்சுகளை ஓடையில் விடுவது மட்டும் பெருந்தவறு. மலையோடைகளுக்கே உரிய சிறு மீன்களுக்கு இவை பகைவர்.

தொட்டியில் இருபது மீன் அரைக் கிலோகிராமாக வளர்ந்தால் 10 கிலோகிராம் மீன். நாளொன்றுக்கு அவை உண்பது 150 கிராம் அளவு. ஒரு சதுர மீற்றர்க் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீனுணவின் கழிவு போதுமாகையால், மூன்று சதுர மீற்றர்ப் பாத்தியை அவை ஊட்டும். கங்குனும் பொன்னாங்காணியும் வல்லாரையும் சலாதும் இதிலே செழிக்கும். இலை மஞ்சளாய் நரம்பு மட்டும் பச்சையாயின் இரும்புச்சத்துக் குறைவென்று அறிக. ஆண்டு முழுதும் உழைத்துக் கிடைப்பது 10 கிலோகிராம் மீனா என்று முகஞ்சுளிப்பவர் உண்டு. அவர் கணக்குச் சரியே. இம்முறையிலே உண்மையான விளைச்சல் கீரை; மீன் அதன் உரத் தொழிற்சாலை.

தலதா மாளிகை விளங்கும் நகரில் இன்னொரு சிந்தனையும் எழுவது இயல்பு. வளர்த்த மீனைக் கொல்வது அயலிலுள்ள பௌத்தர் பலருக்கு உவப்பானதன்று. 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவே இக்காரணம் பற்றி நிறுத்தப்பட்டிருந்தது. அயலவர் மனம் நோகாமல் இருக்கவேண்டுமாயின் பொன்மீனையோ கொய் மீனையோ வளர்க்கலாம். கீரைக்கு எந்த மீனின் கழிவும் ஒன்றே. அழகுமீன் குஞ்சுக்குச் சந்தையும் உண்டு.

கண்டியிலே தொட்டிக்குப் பகைவர் பலர். கொக்கு வரும், கபரக்கொய்யா வரும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குரங்கு வரும். நாட்டுக் குரங்குகளில் ஓரிலட்சத்தைச் சீனத்துக்கு அனுப்பலாமா என்று 2023இல் அரசாங்கமே ஆலோசித்தது. அவை இன்னும் இங்கேதான் இருக்கின்றன. கம்பிவலை மூடி இன்றியமையாதது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது இருமடங்கு இன்றியமையாதது. டெங்கு நுளம்பைப் பற்றியும் கவனம் வேண்டும். மீனுள்ள தொட்டியிற் கூத்தன்புழு தங்காது. ஆனால் மீனில்லாத மிதவைத் தொட்டியிலும் வடிகலத்திலும் தங்கும். அவற்றிலே சில கப்பி மீன்களை விட்டுவைத்தல் போதும். கற்பாத்தியின் மேல் ஐந்து சென்ரிமீற்றர் எப்பொழுதும் உலர்ந்திருக்க வேண்டும்.

மின்சாரமே இவ்வமைப்பின் உயிர்நாடி. நாற்பது உவாற்றுப் பம்பி இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு ஓர் அலகு செலவாகும். 2022 மார்ச் இறுதியிலே மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. நெருக்கமாக மீன்விட்ட தொட்டியில் அத்தனை மணிநேரம் நீர் அசையாது நின்றால், விடியும்போது மீனெல்லாம் மிதக்கும். இருபது மீனுக்கு மேல் விடாதவர் பிழைப்பார். மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும் சிறு காற்றுப்பம்பி ஒன்றினை ஆயத்தமாய் வைத்திருப்பவரும் பிழைப்பார்.

செலவைப் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். ரெசினும் நாரும் இறக்குமதிப் பொருள்கள். 2022 வசந்தத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை அடுத்து நின்ற நிலைமாறி 360 ரூபா வரை ஏறியபோது அவற்றின் விலையும் உடனேறிற்று. உணவுப்பொருள் வந்த நீலநிறப் பிளாஸ்திக் பீப்பாய் மலிவாகக் கிடைக்குமிடத்து, ஒரு தொட்டிக்காக அச்சுக் கட்டுவது அறிவுடைமையன்று. பீப்பாயை நெடுக்காகப் பிளந்தால் இரண்டு கீரைப்பாத்தி. கண்ணாடி நார் தன் விலையை ஈடுசெய்வது மூன்று இடங்களில்: பீப்பாயினும் பெரிய தொட்டி வேண்டுமிடத்து, கோணலான குறுகிய முற்றத்துக்கு அளவெடுத்துச் செய்யவேண்டுமிடத்து, ஒரே அச்சிலே நாலைந்து வீட்டார் கூடித் தொட்டி வார்க்குமிடத்து. தகட்டுருளை அச்சு ஒருமுறையோடு தேய்வதன்று. மெழுகேற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம்.

பழுதுபார்க்கும் எளிமையும் கணக்கிற் சேர வேண்டியதே. கல் விழுந்தோ தேங்காய் விழுந்தோ தொட்டியில் வெடிப்புக் கண்டால், மீனை வாளியில் மாற்றி, நீரை வடித்து, வெடிப்பைச் சுற்றி நாலு விரற்கடை அகலம் சொரசொரப்பாகத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, இரண்டு துண்டு நார்ப்பாயை வெளிப்புறத்தில் ஒட்டினாற் போதும். அரைக் கிலோகிராம் ரெசினில் முடியும் வேலை அது. மறுபடி நீர் நிரப்பி, சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சிலாற் கோடிட்டு, இரண்டு நாள் பார்க்க வேண்டும். கோடு நனைந்தபடியே இருக்குமாயின் மீனைத் திரும்ப விடலாம்.